சிங்கப்பூரா, அயர்லாந்தா? ஒரு செவிலியரின் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

காவிரி டெல்டாவிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 33. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறார். கணவர் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர், லேத் பட்டறையில் சூப்பர்வைசர். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. மூட்டுத் தேய்மானத்தால் அதிகம் நடமாட முடியாத மாமியார் உடன் இருக்கிறார். வீட்டுக் கடனில் இன்னும் 11 லட்சம் பாக்கி. இந்த நிலையில் இரண்டு வாய்ப்புகள் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன. ஒன்று, சிங்கப்பூர் மருத்துவமனையில் மாதம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் எஸ் பாஸ் (இடைநிலைத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) வேலை. மற்றொன்று, அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஆண்டுக்கு 41,500 யூரோ சம்பளத்தில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. அயர்லாந்து செவிலியர் வாரியத்தின் டிசிஷன் லெட்டர் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அங்கே செவிலியராகப் பதிவு பெற எழுத வேண்டிய ஆப்டிட்யூட் தேர்வு மட்டும் பாக்கி.

சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார், "அண்ணி, இங்கேயே வந்துவிடுங்கள், இரண்டு வருடத்தில் பி.ஆர். (நிரந்தரவாசம்) கிடைக்கும், எல்லோரும் சேர்ந்து இருக்கலாம்" என்கிறார். அயர்லாந்தில் இருக்கும் தோழியோ, "அங்கே மருத்துவம், படிப்பு எல்லாமே இலவசம்" என்கிறார். வாழ்க்கைத் தரப் பட்டியல்களையும் தனிநபர் வருமானப் பட்டியல்களையும் பார்த்துக் குழம்பிப்போன இந்தச் சகோதரி கேட்பது: "இரண்டுமே சின்ன நாடுகள், இரண்டுமே பணக்கார நாடுகள். எதில் வாழ்க்கை நன்றாக இருக்கும்? அயர்லாந்தில் இந்தியர்களை அடிக்கிறார்களாமே? ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த இரண்டு ஒப்பந்த நகல்களையும் வரி விடாமல் படித்தேன். கேள்வியை நீங்கள் கேட்டிருக்கும் விதத்திலிருந்தே தொடங்குகிறேன். "எந்த நாட்டில் வாழ்க்கை நன்றாக இருக்கும்" என்ற கேள்விக்குப் பட்டியல்கள் பதில் சொல்லும். ஆனால் அது அந்த நாட்டின் குடிமக்களுக்கான பதில். சிங்கப்பூர்க் குடிமகனின் வாழ்க்கை வேறு, எஸ் பாஸில் இருக்கும் செவிலியரின் வாழ்க்கை வேறு. ஒரே மருத்துவமனையில், ஒரே வார்டில் இரண்டு பேரும் வேலை பார்ப்பார்கள். மாலையில் ஒருவர் சொந்த வீட்டுக்குப் பிள்ளைகளிடம் போவார், மற்றவர் வாடகை அறைக்குப் போய் வீடியோ காலில் பிள்ளைகளைப் பார்ப்பார். ஆகவே உங்கள் கையில் வரப்போகும் அனுமதிச் சீட்டு உங்களுக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என்னென்ன உரிமை தருகிறது என்பதை ஒப்பிடுவோம்.

பட்டியல்களைப் பற்றிக் கொஞ்சம்

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2025ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் அயர்லாந்து 11ஆவது இடம், சிங்கப்பூர் 13ஆவது இடம். மதிப்பெண் 0.949, 0.946. இந்த வித்தியாசத்தை வைத்து யாரும் குடும்பத்தை இடம் மாற்றக்கூடாது. அதே ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் அயர்லாந்து 15, சிங்கப்பூர் 34. இது அங்கே வாழ்பவர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே போடும் மதிப்பெண். ஊரில் குழந்தையை விட்டுவிட்டுப் போகும் தாயின் நிலை எந்தப் பட்டியலிலும் தனியாகத் தெரியாது.

தனிநபர் வருமானத்தில் அயர்லாந்து உலகின் உச்சியில் இருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2015இல் அந்த நாட்டின் மொத்த உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழக் கால்பங்கு உயர்ந்ததாகக் கணக்கு வந்தது. மக்கள் ஒரே ஆண்டில் அவ்வளவு பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் சொத்துகளையும் வரி வசதிக்காக அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதுதான் முக்கியக் காரணம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே 2017 முதல் திருத்திய தேசிய வருமானம் என்று தனிக் கணக்கு வெளியிடுகிறது. 2023இல் மொத்த உற்பத்தி 500 பில்லியன் யூரோவைத் தாண்டியபோது இந்தத் திருத்திய கணக்கு 300 பில்லியனுக்கும் கீழே இருந்தது. வசதியான நாடுதான், ஆனால் பட்டியலில் தெரியும் அளவுக்கு இல்லை.

சிங்கப்பூரில் சுமார் 61 லட்சம் பேர் இருக்கிறார்கள். அதில் 19 லட்சம் பேர் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ இல்லை. நீங்கள் போனால் இந்த 19 லட்சத்தில் ஒருவர். அயர்லாந்தின் மக்கள்தொகையும் ஏறத்தாழ 54 லட்சம்தான். ஆனால் நிலப்பரப்பு சிங்கப்பூரைப் போலத் தொண்ணூறு மடங்குக்கு மேல். இந்த இட வித்தியாசம் உங்கள் அன்றாடத்தில் வந்து நிற்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூர்: எஸ் பாஸில் கிடைப்பது என்ன?

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது நிறைய இருக்கிறது. திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரச் சொச்சப் பயணம். மாமியாருக்கு ஒன்று என்றால் மறுநாளே வந்து நிற்கலாம். இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பப் பயப்பட வேண்டியதில்லை. கார் தேவையில்லை. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. வரி மிகக் குறைவு: மாதம் 4,000 வெள்ளி சம்பளத்தில் ஆண்டு முழுவதும் வேலை பார்த்தால் வருமான வரி வருடத்துக்கு ஆயிரம் வெள்ளி அளவில்தான் வரும். பகிர்ந்துகொள்ளும் அறைக்கு ஆயிரம் வெள்ளி, சாப்பாடு, பஸ், போன் என்று அறுநூறு, எழுநூறு போனாலும் மாதம் 2,200 வெள்ளியை ஒட்டி மிச்சம் பிடிக்கலாம். வீட்டுக் கடன்தான் பெரிய கவலை என்றால், அதை விரைவில் முடிக்கச் சிங்கப்பூர்தான் சுருக்கமான வழி.

இனி உங்கள் கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் விதி இப்போது அப்படி இல்லை.

எஸ் பாஸில் இருப்பவர் கணவனையோ மனைவியையோ 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையோ டிபென்டன்ட் பாஸில் அழைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது 4,000. பெரிய பதவி உயர்வு வராமல் இந்த இடைவெளி நிரம்பாது. அதாவது நீங்கள் தனியாகத்தான் போகிறீர்கள். அதுவும் ஓரிரு மாதத்துக்கு இல்லை, சில ஆண்டுகளுக்கு. இதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மூன்று வயதுப் பையனை வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு இது.

ஒருவேளை சம்பளம் உயர்ந்து கணவர் டிபென்டன்ட் பாஸில் வந்தாலும் அவரால் நேராக வேலையில் சேர முடியாது. முன்பு ஒரு சம்மதக் கடிதத்தை வைத்து வேலை செய்யலாம் என்றிருந்தது. 2021 மே 1 முதல் அந்த வழி மூடப்பட்டது. இப்போது அவரும் தகுதிச் சம்பளம், நிறுவனம் எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்ற ஒதுக்கீடு எல்லாம் பார்த்துத் தனியாக ஒரு வேலை பாஸ் பெற வேண்டும்.

நிரந்தரவாசத்துக்கு எஸ் பாஸில் இருப்பவர் விண்ணப்பிக்கலாம், உண்மை. 2024இல் சுமார் 35,000 பேருக்குக் கொடுத்தார்கள். ஆனால் இத்தனை வருடம் இருந்தால் கிடைக்கும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. மறுத்தால் காரணம் சொல்லவும் மாட்டார்கள். பத்து வருடம் வேலை பார்த்தும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். கிடைத்து, உங்கள் வழியாக மகனுக்கும் நிரந்தரவாசம் வாங்கினால், அவன் வளர்ந்ததும் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்யக் கடமைப்பட்டவன் ஆவான். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் பெற்றோர் தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு. இன்னொன்று: நம் ஊர் பி.எஃப். போன்ற மத்திய சேம நிதி நிரந்தரவாசிகளுக்கும் குடிமக்களுக்கும்தான். எஸ் பாஸில் இருக்கும்வரை முதலாளியின் பங்கு என்று ஒரு வெள்ளிகூட உங்கள் பெயரில் சேராது.

பிள்ளைகள் வந்து சேர்ந்தாலும் அரசுப் பள்ளியில் இடம் உறுதியில்லை. இடம் கிடைத்தால் வெளிநாட்டு மாணவருக்கான தொடக்கப் பள்ளிக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு மாதம் பல நூறு வெள்ளி வருகிறது. மருத்துவத்தில், எஸ் பாஸ் ஊழியருக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளி அளவுக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அது உங்களுக்கு மட்டும். குடும்பத்துக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பென்சிலில் கோடிட்டு வைத்திருக்கிறேன். "நர்சிங் ஸ்டாஃப்" என்று போட்டிருக்கிறதே தவிர, பதிவுபெற்ற செவிலியரா, என்ரோல்ட் நர்ஸா என்று எங்கும் இல்லை. இரண்டுக்கும் சம்பளப் படியும் பதவி உயர்வும் வேறு. பட்டம் பெற்றவரைக் கீழ்ப்படியில் சேர்த்துவிட்டால் அந்த 6,000 வெள்ளி இன்னும் தள்ளிப்போகும். அடுத்து, பதினோராவது பிரிவு. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 9,000 வெள்ளி கட்ட வேண்டும் என்கிறது. ஆனால் முதலாளியே வேலையை விட்டு நீக்கினால் இந்தத் தொகை பொருந்துமா என்பதைச் சொல்லவில்லை. வேலை போனால் எஸ் பாஸும் ரத்தாகும்; வழக்கமாக 30 நாள் தங்கத்தான் அனுமதி தருவார்கள். அந்த முப்பது நாளில் 9,000 வெள்ளிக் கடனோடு நீங்கள் நிற்கக்கூடாது. "ஊழியர் தானாக விலகினால் மட்டும், பணிபுரிந்த மாதங்களைக் கழித்துக்கொண்டு" என்று எழுத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அயர்லாந்து: தோழி சொன்னதில் பாதி சரி

செவிலியர்கள் அயர்லாந்தின் அவசியத் திறன் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் வேலை உத்தரவில் பெர்மிட் வகை குறிப்பிடப்படவே இல்லை. வெறும் "வொர்க் பெர்மிட்" என்று இருக்கிறது. தேர்வு முடிந்து பதிவு கிடைக்கும்முன் பராமரிப்பு உதவியாளராகச் சேர்த்து வேறு வகை பெர்மிட்டில் அழைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அப்படிப் போனால் கீழே நான் சொல்லும் உரிமைகளில் முக்கியமானவை கிடைக்காது.

கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட்டில் போனால்: குடும்பத்தை அழைக்கக் காத்திருப்புக் காலம் கிடையாது. கணவர் வந்ததும் தனியாக எந்த பெர்மிட்டும் இல்லாமல் யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். முதலாளி சரியில்லை என்றால் ஒன்பது மாதத்துக்குப் பிறகு வேறு முதலாளியிடம் மாறலாம்; 2024இல் வந்த புதிய சட்டம் இந்தக் காலத்தைக் குறைத்தது. 21 மாதம் முடிந்ததும் ஸ்டாம்ப் 4 என்ற நிலைக்கு விண்ணப்பிக்கலாம், அதன்பின் பெர்மிட்டே தேவையில்லை. ஐந்து ஆண்டு சட்டபூர்வமாக வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை வழங்குவது அமைச்சரின் முடிவுதான் என்றாலும், எத்தனை ஆண்டு, என்ன தகுதி என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூருக்கும் இதற்கும் உங்களைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இதுவே. அங்கே நாளை என்ன என்பது அதிகாரியின் விருப்பத்தில் இருக்கிறது, இங்கே ஒரு கால அட்டவணை இருக்கிறது.

இப்போது சிக்கல்கள். குடும்பத்தை உடனே அழைக்கலாம் என்றாலும், அழைப்பவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை கூடினால் அந்த வரம்பும் கூடும். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஒரு செவிலியரின் ஆரம்பச் சம்பளம் மட்டும் போதாமல் போக வாய்ப்புண்டு. இரவுப் பணி, ஞாயிற்றுக்கிழமைப் படி எல்லாம் சேர்ந்த சம்பளச் சீட்டுகளை வைத்துத்தான் பலர் விண்ணப்பிக்கிறார்கள். ஆகவே அயர்லாந்திலும் முதல் சில மாதங்கள், அநேகமாக ஓராண்டு, நீங்கள் தனியாக இருக்கத் தயாராக வேண்டும்.

"எல்லாம் இலவசம்" என்பது சரியில்லை. குடும்ப மருத்துவரை ஒருமுறை பார்க்க 50, 60 யூரோ ஆகும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம். மகளுக்கு அது சீக்கிரம் முடிந்துவிடும். அரசு மருத்துவமனையில் உள்நோயாளிக் கட்டணத்தை 2023இல் எல்லோருக்கும் நீக்கிவிட்டார்கள், அது பெரிய நிம்மதி. ஆனால் மருத்துவர் கடிதம் இல்லாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ. நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். நம் ஊரில் காலையில் டோக்கன் போட்டு மாலையில் எலும்பு மருத்துவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய மன உளைச்சல்.

தொடக்கப் பள்ளி இலவசம், பாடப் புத்தகமும் இலவசம். மூன்று வயதுப் பையனுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் இலவச மழலையர் வகுப்பு உண்டு. குடும்பம் அங்கே குடியமர்ந்தபின் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 140 யூரோ உதவித்தொகை வரும். பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் கத்தோலிக்க நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆனால் ஞானஸ்நானம் பெறவில்லை என்று சேர்க்கையில் பின்னுக்குத் தள்ள இப்போது சட்டம் இடம் தரவில்லை. மத வகுப்பிலிருந்து விலக்கும் கேட்கலாம். மகள் ஏழு வயதில் போனால் ஐரிஷ் மொழி படித்தாக வேண்டும். சின்னப் பிள்ளை, பிடித்துக்கொள்வாள். தமிழ்தான் உங்கள் பொறுப்பு. சிங்கப்பூரில் அதைப் பள்ளியே சொல்லித்தரும், இங்கே வீட்டில் நீங்கள்தான் எழுத்துக் கூட்டிச் சொல்லித்தர வேண்டும்.

வரியைப் பார்த்து மிரண்டிருக்கிறீர்கள். ஒரே சம்பாத்தியம் உள்ள திருமணமானவர் என்ற வகையில் 2025 விதிகளின்படி உங்கள் 41,500 யூரோவில் எல்லாப் பிடித்தமும் போக மாதம் 3,050 யூரோ அளவில் கைக்கு வரும். வரியை விடப் பெரிய செலவு வீடு. டப்ளினில் புதிதாக எடுக்கும் வீட்டின் சராசரி வாடகை 2,000 யூரோவைத் தாண்டிவிட்டது. நல்லவேளை, உங்கள் வேலை டப்ளினில் இல்லை. ஆனால் மேற்குப் பகுதிச் சிற்றூர்களில் வாடகை குறைவு என்றாலும் வீடே கிடைப்பதில்லை. முதலாளி எத்தனை மாதம் தங்குமிடம் தருகிறார் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் உத்தரவில் "ஆரம்பத் தங்குமிடம்" என்ற ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

நிலப்பரப்பைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கே வருகிறது. சிற்றூரில் கார் இல்லாமல் பணிக்குப் போக முடியாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தை அங்கே மாற்றித் தரமாட்டார்கள், கற்றல் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரப் பணி. டிசம்பரில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எழும், மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இருட்டில் உள்ளே போய் இருட்டில் வெளியே வருவீர்கள். முதல் குளிர்காலத்தில் தனியாக இருப்பவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் உடைந்துபோய் எனக்கு எழுதுகிறார்கள். வேலையை விட்டுவிடலாமா என்ற கேள்வி ஜனவரியில் வந்தால் மார்ச் வரை தள்ளிப்போடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கணவரின் வேலைதான் இந்தக் கணக்கின் அச்சாணி. உங்கள் சம்பளத்தில் மட்டும் நான்கு பேர் வாழ்ந்தால் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது, ஊரில் கடனையும் அடைக்க முடியாது. அவர் குறைந்தபட்சக் கூலி வேலைக்குப் போனாலே நிலைமை மாறிவிடும். 2025இல் அது மணிக்கு 13.50 யூரோ. லேத் வேலை, வெல்டிங் தெரிந்தவருக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்க வாய்ப்புண்டு, ஆங்கிலம் பேசத் தெரிந்தால். சூப்பர்வைசராக இருந்தவர் முதல் வருடம் இன்னொருவருக்குக் கீழே கூலி வேலை பார்க்க மனதளவில் தயாரா என்று அவரிடம் கேளுங்கள். இதைக் கேட்காமல் போன குடும்பங்களில்தான் சண்டை வருகிறது. இப்போதிலிருந்தே அவர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் சேரட்டும்.

அடிக்கிறார்களா?

அடித்திருக்கிறார்கள். மறைக்க மாட்டேன். 2025 ஜூலையில் டப்ளினின் டாலட் பகுதியில் இந்தியர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அதையொட்டி ஆகஸ்ட் 1 அன்று இந்தியத் தூதரகம் எச்சரிக்கையாக இருக்கும்படி அறிவிப்பு வெளியிட்டது. வாட்டர்ஃபோர்டில் கேரளக் குடும்பத்தின் ஆறு வயதுச் சிறுமியும் தாக்கப்பட்டாள். அன்றைய அதிபர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்நாட்டு மருத்துவமனைகளில் இந்தியச் செவிலியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாமல் வார்டுகள் ஓடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பயம் உண்மையானது, அதைத் தூசாகத் தட்டிவிடக் கூடாது. நீங்கள் போகும் ஊரில் ஏற்கெனவே வேலை பார்க்கும் இந்தியச் செவிலியர் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். இரவு எப்படித் திரும்புகிறார்கள், பிள்ளைகள் பள்ளியில் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் தெருவில் அடிவாங்கும் பயம் இல்லை. அங்கே இனப் பாகுபாடு வேறு வடிவில், வாடகை வீடு தேடும்போது எதிர்ப்படலாம்.

நாலரை லட்சம்

கொடுக்காதீர்கள். உங்களைப் போன்ற பட்டதாரிகளுக்கு இந்த இரண்டு நாடுகளுக்கும் போகக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை. அதனால் சட்டமே பொருந்தாது என்று ஏஜென்ட் சொல்லக்கூடும், அது தவறு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எவரும் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரும் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதோடு. பதிவு எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் சரிபாருங்கள். எண் இல்லையென்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்திலும் சட்டம் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்குவது குற்றம்; அங்குள்ள ஏஜென்சி எவ்வளவு கட்டணம் வாங்கினாலும் உச்சவரம்பு இரண்டு மாதச் சம்பளம். அயர்லாந்தில் ஆள் எடுத்த செலவை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பதும், பாஸ்போர்ட்டையோ சான்றிதழையோ வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டவிரோதம். உங்கள் மூலச் சான்றிதழ்களை "சரிபார்க்க" இரண்டு மாதமாக ஏஜென்ட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கணவரோடு நேரில் போய்த் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்து மூலம் கேட்டுவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.

நான் என்ன சொல்வேன்?

மாமியாரைப் பற்றி எழுதிய பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். அவரை இரண்டு நாட்டுக்குமே அழைத்துப்போக முடியாது. பெற்றோரை அழைப்பதற்கான சிங்கப்பூரின் சம்பள வரம்பு 12,000 வெள்ளி. அயர்லாந்திலும் ஒரு செவிலியரின் சம்பளத்துக்கு எட்டாத வரம்பு. கணவர் அயர்லாந்து வந்துவிட்டால் மாமியாரை யார் பார்ப்பார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் விடை இல்லை. நாத்தனார் அதே ஊரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் பணம் அனுப்பி, பகலில் உதவிக்கு ஒரு ஆளையும் வைத்து, மாமியார் நாத்தனாரோடு இருக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று இப்போதே பேசுங்கள். விசா வந்தபின் பேசினால் அது கெஞ்சலாகிவிடும்.

அதற்கு வழி பிறந்தால், என் ஆலோசனை அயர்லாந்து. சேமிப்பில் சிங்கப்பூர் முந்தும், தூரத்தில் முந்தும், மொழியிலும் முந்தும். ஆனால் உங்கள் பிள்ளைகள் வளரும் இந்த வயதில் நால்வரும் ஒரே கூரையின்கீழ் இருக்கச் சட்டம் வழி தருவது அயர்லாந்தில்தான். கணவர் வேலை செய்ய உரிமை உண்டு, முதலாளியை மாற்ற உரிமை உண்டு. பெர்மிட் கிரிட்டிகல் ஸ்கில்ஸ் என்று எழுத்தில் வந்தால் மட்டும், தங்குமிடம் குறைந்தது மூன்று மாதம் என்று எழுத்தில் வந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். முதலாண்டில் வீட்டுக் கடன் தவணைக்கு ஆறு மாதத் தொகையைக் கையில் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் ஆப்டிட்யூட் தேர்வு முதல் முயற்சியில் கிடைக்காமலும் போகலாம்.

மாமியாருக்கு ஏற்பாடு செய்ய முடியவில்லை, கணவர் ஊரை விட்டு வர மாட்டார் என்று முடிவானால் சிங்கப்பூர் போங்கள். அப்போது அதைக் குடியேற்றமாக நினைக்காமல், கடனை முடித்துவிட்டுத் திரும்பும் நான்கு ஆண்டு வேலையாக நினைத்துப் போங்கள். பதினோராவது பிரிவைத் திருத்திய பிறகு. நாலு மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து பிள்ளைகளைப் பார்த்துப் போகும் விமானச் செலவைச் சேமிப்புக் கணக்கில் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

அயர்லாந்து முதலாளிக்கு அனுப்ப ஒரு சிறு கடிதத்தின் வரைவை இதோடு தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெர்மிட் வகை, பதிவு கிடைக்கும்வரை எந்தப் பதவியில் எவ்வளவு சம்பளம், வார வேலை நேரம், இரவு மற்றும் ஞாயிறு படி, தங்குமிடம் எத்தனை மாதம் என ஐந்து கேள்விகள்தான் அதில் இருக்கின்றன. பதிலைத் தொலைபேசியில் வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்திடும்முன் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.